ஏற்றும் பாரத்திற்கு எல்லை

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நெல்லும் மணிலாவும் மாட்டுவண்டியில் சந்தைக்குச் சென்ற காலம் இவ்வவையிலுள்ள மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். விடியுமுன் வண்டி பூட்டப்படும். மூட்டைகளை ஏற்றும்போது வீட்டுப் பெரியவர் அருகில் நின்று எண்ணுவார். மாட்டின் வயது, வழியிலுள்ள மேடு, முந்தின நாள் பெய்த மழை ஆகிய மூன்றையும் கருத்திற்கொண்டு, "போதும், இதற்குமேல் ஏற்றாதே" என்பார். சந்தையில் அன்று விலை ஏறுமா, இறங்குமா என்பதை அவர் அறியார். அஃது எவராலும் அறியவொண்ணாதது என்பதை மட்டும் நன்கறிவார். ஆதலால் தம் கையில் இருந்த ஒன்றை, மூட்டையின் எண்ணிக்கையை, இறுகப் பிடித்துக்கொண்டார்.

இன்று சந்தை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வண்டியும் இல்லை, மாடும் இல்லை. விரல் நுனியால் ஓர் எண்ணை மாற்றினால் பாரம் இருமடங்காகிறது. இன்னொரு முறை மாற்றினால் பத்து மடங்காகிறது. "போதும்" என்று சொல்ல அருகில் எவரும் நிற்பதில்லை. குறுகிய கால இணையவழிப் பங்கு வணிகத்தில் ஏற்றும் பாரத்தைப் பெருக்கிக்கொண்டே செல்வதனால் வரும் கேடு யாது, அதற்கு எல்லை வகுப்பது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள்.

லாட் என்னும் மூட்டை

நல்ல நிறுவனங்களின் பங்குகளை வாங்கிப் பல்லாண்டுகள் வைத்திருப்பது முதலீடு. அஃது இங்குப் பேசப்படும் பொருளன்று. காலையில் வாங்கி அன்று மாலைக்குள் விற்றுவிடும் இன்ட்ராடே வணிகமும், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் எனப்படும் ஒப்பந்த வணிகமும் வேறு வகையின. நிஃப்டி முதலிய குறியீடுகள் குறித்த நாளுக்குள் ஏறுமா, இறங்குமா என்பதன்மேல் செய்யப்படுவன அவ்வொப்பந்தங்கள். ஆப்ஷனை வாங்குபவர் பிரீமியம் என்னும் தொகையைச் செலுத்துகிறார். அவர் எண்ணியபடி சந்தை நகராவிடின், காலக்கெடு நாளன்று அத்தொகை முழுவதும் அழிந்துபோகலாம். ஆப்ஷனை விற்பவருக்கோ ஆதாயம் பிரீமியத்தோடு நின்றுவிடும். இழப்பு அவ்வாறு ஓரிடத்தில் நிற்பதன்று.

இவ்வொப்பந்தங்கள் சில்லறையாகக் கிடைப்பதில்லை. லாட் என்னும் கட்டாகவே கிடைக்கும். லாட் என்பதை மூட்டை எனலாம். சிறு வணிகர்கள் அளவின்றி உள்ளே வருவதைக் குறைக்கும் நோக்கில், பங்குச் சந்தைகளை நெறிப்படுத்தும் செபி அமைப்பு 2024 நவம்பரில் குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்த அளவு மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதையொட்டி 25 ஆக இருந்த நிஃப்டி லாட் 75 ஆயிற்று. நோக்கம் நன்றே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். ஒரு மூட்டை மட்டுமே ஏற்றுவேன் என்று அடங்கி நிற்பவரும் முன்னிலும் பெரிய மூட்டையையே ஏற்றியாக வேண்டியதாயிற்று.

இவ்வணிகத்தில் இறங்கியோர் நிலை என்ன? செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு மூன்று நிதியாண்டுகளின் கணக்கைக் காட்டுகிறது. 2021-22 முதல் 2023-24 வரை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்படைந்தனர். செலவுகள் உட்பட ஒருவருக்கு நேர்ந்த சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. செலவு போக ஒரு லட்சம் ரூபாய்க்குமேல் ஆதாயம் கண்டோர் நூற்றுக்கு ஒருவரே. 2025 ஜூலையில் வந்த அடுத்த ஆய்வும் 2024-25ஆம் ஆண்டில் 91 விழுக்காட்டினர் இழந்ததாகவே கூறிற்று.

இன்ட்ராடே வணிகத்திலும் 2022-23ஆம் ஆண்டில் பத்தில் எழுவர் இழந்தனர். அவ்வணிகத்தில் ஈடுபட்டோருள் 30 வயதிற்குட்பட்டோர் 2018-19இல் 18 விழுக்காட்டினராக இருந்தனர். நான்கே ஆண்டுகளில் 48 விழுக்காட்டினர் ஆயினர். அவ்விளைஞருள் இழந்தோர் 76 விழுக்காட்டினர். எனவே இது தொலைவில் எங்கோ நிகழும் செய்தியன்று. பிள்ளைகள் உள்ள எந்த இல்லத்தையும் தொடக்கூடிய செய்தி.

கணக்கு காட்டும் உண்மை

சந்தையின் போக்கைத் தவறாகக் கணித்ததனால்தான் இத்துணைப் பேர் இழந்தனர் என்று பலரும் எண்ணுவர். பாதி உண்மையே அது. சரியாகக் கணித்தும் இழக்க முடியும் என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும்.

பணியிலிருக்கும் ஓர் இளைஞர் எனக் கொள்க. அவரிடம் 2,00,000 ரூபாய் சேமிப்பு உண்டு. அத்தொகை தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று இல்லத்தில் பேசி வைக்கப்பட்டது. கட்டணம் செலுத்த இன்னும் ஐந்து மாதங்கள் உள்ளன. அதற்குள் சிறிது பெருக்கிவிடலாம் என்னும் நல்லெண்ணத்தோடுதான் அவர் தொடங்குகிறார்.

திங்களன்று ஒரு லாட். 1,500 ரூபாய் ஆதாயம். செவ்வாயன்று ஒரு லாட், மீண்டும் 1,500. நம்பிக்கை பிறக்கிறது. புதனன்று இரண்டு லாட், 3,000. வியாழனன்று இரண்டு லாட், 3,000. நான்கு நாளில் 9,000 ரூபாய். "ஆறு லாட் எடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்" என்று மனம் இரவெல்லாம் பெருக்கிப் பார்க்கிறது. வெள்ளியன்று ஆறு லாட் எடுக்கிறார். முந்தைய நாள்களில் ஏறிய அதே அளவு சந்தை இன்று இறங்குகிறது. லாட்டுக்கு 1,500 வீதம் 9,000 ரூபாய் போயிற்று. ஐந்து நாளில் நான்கு நாள் அவர் கணிப்புச் சரி. ஒரு நாள் மட்டுமே தவறு. ஆயினும் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. தரகு, வரி, சந்தைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தால் இழப்பே மிஞ்சும். தனிநபர்கள் மேற்சொன்ன மூன்றாண்டுகளில் இத்தகைய செலவுகளுக்காக மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் கொடுத்துள்ளனர்.

இன்னொரு கணக்கும் காண்க. ஒருவர் பத்து முறை வணிகம் செய்கிறார். ஆறு முறை வெற்றி, நான்கு முறை தோல்வி. வென்றால் வைத்த அளவு ஆதாயம் வரும். தோற்றால் வைத்தது போகும். முதல் 1,00,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் கையிலுள்ளதில் 10 விழுக்காடு வைத்தால் முடிவில் 1,16,232 ரூபாய் ஆகும். 20 விழுக்காடு வைத்தால் 1,22,306 ஆகும். இத்துணைப் பெருகுகிறதே, 50 விழுக்காடு வைத்தால் இன்னும் பெருகாதா என்று ஆசை கேட்கும். 50 விழுக்காடு வைத்தால் முடிவில் எஞ்சுவது 71,191 ரூபாய். அதே ஆறு வெற்றி. அதே நான்கு தோல்வி. பாரம் ஒன்றே வேறு. ஓர் அளவுவரை வளர்க்கும் அதுவே அவ்வளவைக் கடந்ததும் முதலைத் தின்னத் தொடங்குகிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே. எல். கெல்லி என்னும் அறிஞர் 1956ஆம் ஆண்டிலேயே இதனைக் கணிதமாக நிறுவினார். தோல்வியைவிட வெற்றி மிகுதியாக உடையவர்க்கே எல்லை இவ்வளவு இன்றியமையாததெனின், அவ்வாறு இல்லாதவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இழந்ததை மீட்பதும் எளிதன்று. 10 விழுக்காடு இழந்தவர் பழைய நிலையை அடைய 11 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதியாக ஈட்டினால் போதும். பாதியை இழந்தவர் எஞ்சியதை இருமடங்காக்க வேண்டும். 90 விழுக்காட்டை இழந்தவர் எஞ்சியதைப் பத்து மடங்காக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும் வழி குறுகியது. ஏறும் வழி நெடியது.

இருமடங்கு என்னும் வலை

வெள்ளியன்று தோற்ற அவ்விளைஞர் அடுத்த வாரம் செய்வது யாது? "இழந்ததை ஒரே வணிகத்தில் மீட்டுவிடுவேன்" என்று பாரத்தை இருமடங்காக்குகிறார். 2,000 ரூபாயில் தொடங்கி, தோற்கும்தோறும் இருமடங்காக்கினால், 2,000, 4,000, 8,000, 16,000, 32,000, 64,000 என்று செல்லும். ஆறு தோல்வியில் 1,26,000 ரூபாய் போயிற்று. ஏழாம் முறைக்கு 1,28,000 வேண்டும். கையில் இருப்பதோ 74,000. கடன் வாங்கியேனும் வைத்து வென்றாலும், எல்லாம் கழிந்தபின் கிடைக்கும் ஆதாயம் தொடக்கத்தில் நாடிய அதே 2,000 ரூபாய்தான். இரண்டாயிரத்திற்காக ஒன்றேகால் லட்சத்தைப் பலகையில் வைக்கும் வணிகத்தை எந்தக் கடைத்தெருவும் ஏற்காது.

தொடர்ந்து ஆறு முறை தோற்பது அரிதல்லவா என்று கேட்பர். நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்கேனும் ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு முறை பூவே விழும் வாய்ப்புப் பாதிக்கும் மேல். நாளொன்றுக்கு ஐந்து முறை வணிகம் செய்பவர் இருபது நாளில் நூறு முறை சுண்டிவிடுகிறார். அரிது என்று எண்ணியது மாதந்தோறும் வாயிலில் வந்து நிற்கத் தக்கது.

அறிவுடையோரும் இவ்வலையில் ஏன் விழுகின்றனர்? டேனியல் கானெமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. உறுதியாக 3,000 இழப்பதா, அல்லது நூற்றுக்கு எண்பது வாய்ப்பில் 4,000 இழப்பதா என்று கேட்டபோது, 92 விழுக்காட்டினர் இரண்டாவதையே தேர்ந்தனர். சிறிய இழப்பை ஒப்புக்கொண்டு எழுந்து செல்ல மனம் ஒருப்படுவதில்லை; பெரிய இழப்பிற்கு உள்ளாகும் வாய்ப்பிருந்தும் தப்பிவிடலாம் என்னும் நசையால் பாரத்தை ஏற்றிக்கொள்கிறது. இது கல்வியின்மையால் வரும் குறையன்று. மனத்தின் இயல்பிலேயே உள்ள சறுக்கல்.

இதற்கு வரலாறும் சான்று. இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி 1762இல் தோன்றியது. 1803இல் லூசியானா நிலப்பரப்பை வாங்க அமெரிக்க நாட்டிற்கு நிதி திரட்டித் தந்தவற்றுள் ஒன்று. அதன் சிங்கப்பூர்க் கிளையில் பணியாற்றிய நிக் லீசன் என்பவர், ஜப்பானின் நிக்கேய் குறியீட்டின் மீதான ஒப்பந்தங்களில் நேர்ந்த இழப்புகளை 88888 என்னும் எண்ணுடைய கணக்கில் மறைத்து வைத்தார். இழப்பை மீட்கப் பாரத்தைப் பெருக்கினார். 1994ஆம் ஆண்டு இறுதியில் மறைந்திருந்த இழப்பு 208 மில்லியன் பவுண்டு. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் நிலநடுக்கம் நேர்ந்தது. குறியீடு சரிந்தது. அப்போதும் நிறுத்தாமல் மேலும் மேலும் வாங்கினார். இரண்டே மாதத்தில் இழப்பு 827 மில்லியன் பவுண்டாயிற்று. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த வங்கி பிப்ரவரி இறுதியில் வீழ்ந்து, ஒரு பவுண்டு விலைக்கு வேறொரு நிறுவனத்திற்குக் கைமாறியது. நிலநடுக்கத்தை எவரும் முன்னறிந்திருக்க இயலாது. ஆனால் அந்நாளில் வண்டியில் எத்தனை மூட்டை இருந்தது என்பது ஒருவர் கையில் இருந்தது.

தோல்வி மட்டுமன்று, வெற்றியும் பாரத்தை ஏற்றச் செய்யும். ஐசக் நியூட்டன் 1720இல் தென்கடல் நிறுவனத்தின் பங்குகளை நல்ல ஆதாயத்திற்கு விற்று வெளியேறினார். அதன்பின்னும் விலை ஏறியது. பிறர் ஈட்டுவதைக் கண்டு, முன்னிலும் பெருந்தொகையோடு உயர்ந்த விலையில் மீண்டும் நுழைந்தார். அவ்வாண்டு முடியுமுன் விலை வீழ்ந்து பேரிழப்பு அடைந்தார். கோள்களின் இயக்கத்தைக் கணித்தவருக்கே "போதும்" என்னும் சொல் எட்டவில்லை.

காப்பு அறுபடும் நாள்

"ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறேன், குறித்த விலையில் தானே விற்றுவிடும்" என்று இளைஞர் கூறுவர். அது நல்ல பழக்கமே, விட்டுவிடத் தக்கதன்று. ஆயினும் சந்தை படிப்படியாக இறங்காமல் ஒரே தாவலில் இறங்கும் நாளில், குறித்த விலை கிட்டாமலே போகலாம். 2024 ஜூன் 3 அன்று, தேர்தல் கருத்துக் கணிப்புகளைக் கண்ட மகிழ்ச்சியில் நிஃப்டி 3 விழுக்காட்டிற்குமேல் ஏறிப் புதிய உச்சத்தில் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. அன்று ஒரே நாளில் 1,379 புள்ளிகள், ஏறத்தாழ 6 விழுக்காடு, வீழ்ந்தது. குறியீட்டின் வீழ்ச்சியைக் கொண்டு கணக்கிட்டால், 25 கொண்ட ஒரு லாட்டிற்கு ஏறத்தாழ 34,000 ரூபாய் இழப்பு. ஒரு லாட் வைத்திருந்தவருக்கு அது வருத்தம் தரும் நாள்; பத்து லாட் வைத்திருந்தவருக்கு இல்லத்தின் நிலையையே மாற்றும் நாள். இருவரும் ஒரே திசையில்தான் நம்பினர். இருவரும் ஒரே அளவுதான் தவறினர்.

கடனும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இன்ட்ராடே வணிகத்தில் கையிலுள்ள தொகையைப்போல் ஐந்து மடங்குவரை வாங்கத் தரகு நிறுவனங்கள் இடந்தருவதுண்டு. ஐந்து மடங்கு ஏற்றியவருக்குப் பங்கின் விலை 4 விழுக்காடு இறங்கினாலே முதலில் 20 விழுக்காடு போய்விடும். எதிரில் நிற்பவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. 2023-24இல் இவ்வொப்பந்த வணிகத்தில் ஆதாயம் பெற்ற பெருநிறுவனங்களும் அந்நிய முதலீட்டாளர்களும் அதனைப் பெரும்பாலும் கணினி நிரல்களின் வழியாகவே ஈட்டினர் என்று செபி ஆய்வு கூறுகிறது. கணினிக்குப் பதற்றம் இல்லை, வீம்பும் இல்லை. இழந்ததை இன்றே மீட்க வேண்டும் என்னும் துடிப்பும் அதற்கில்லை.

ஐந்து அதிசாரங்கள்

சிராவகர்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவது, மிகுபொருள் விரும்பாமை. இல்லறத்தார் பொருளே ஈட்டலாகாது என்று அவ்விரதம் கூறவில்லை. இவ்வளவு என்று முன்னரே வரைந்துகொண்டு அதன்கண் நிற்க என்றே கூறுகிறது. அதனால் அது பரிமாண விரதம் எனப்பட்டது. "முன்னரே" என்பதே இங்குக் கருதத்தக்க சொல். ஆசை எழுந்தபின் வரையும் எல்லை எல்லையாகாது. அது ஆசையின் பின்னே நகர்ந்துகொண்டே செல்லும்.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களாகிய அதிசாரங்கள் ஐந்தினைக் கூறும். அவை அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், வண்டியும் மாடும் கொண்டு வணிகம் செய்த மக்களை நோக்கி அருளப்பட்டவை இவை. கைப்பேசி வணிகத்தை இவற்றின் அருகில் வைத்துப் பார்த்தல் தகும்.

அதிவாகனம் என்பது மாட்டின் ஆற்றலுக்கு மீறி நெடுந்தொலைவு ஓட்டுதல். நாளெல்லாம் ஓயாமல் வாங்கி விற்பது அதனோடு ஒக்கும். அதிசங்கிரகம் என்பது விலை ஏறும் என்னும் ஆசையால் அளவிறந்து குவித்தல். விஸ்மயம் என்பது பிறர் பெற்ற மிகுந்த ஆதாயம் கண்டு வியந்து வாடுதல். நண்பர் அனுப்பிய ஆதாயப் படத்தைக் கண்டு இரவு உறங்காமை வேறென்ன? லோபம் என்பது நல்ல ஆதாயம் வந்தபின்னும் இன்னும் வேண்டும் என்று தவித்தல். இறுதியாக வருவது அதிபாரவாகனம்: தாங்கும் ஆற்றலுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றுதல்.

கொல்லாமை விரதத்திற்குரிய அதிசாரங்களுள்ளும் அதிபாராரோபணம் என்று இதே குற்றம் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளது. மிகை பாரம் பேராசையின் குற்றம் மட்டுமன்று. அதனைச் சுமக்கும் உயிர்க்குச் செய்யும் தீங்குமாம். கைப்பேசி வணிகத்தில் மாடு எது? ஆறு லாட் எடுத்த இளைஞரின் பாரத்தைச் சுமப்பவர் அவர் ஒருவரே அல்லர். கட்டணத்திற்குக் காத்திருக்கும் தங்கை சுமக்கிறாள். அடகுக் கடைக்குச் செல்லும் தாயின் வளையல் சுமக்கிறது. ஓய்வூதியத்தில் இல்லம் நடத்தும் தந்தை சுமக்கிறார். தம்மேல் பாரம் ஏற்றப்பட்டிருப்பதைக்கூட அவர்கள் அறியார்.

இல்லத்தில் வரையத்தக்க எல்லைகள்

இவ்வணிகத்தை அறவே தவிர்ப்பவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெறும் துன்பத்தினின்றும் விடுபட்டவர். அதுவே முதல் அறிவுரை. ஈடுபட்டே தீருவேன் என்பவர்க்குச் சில எல்லைகளைக் கூறலாம்.

ஒன்று: இழந்தாலும் இல்லத்தில் எவருடைய உணவும், கல்வியும், மருத்துவமும், திருமணமும் தடைப்படாத தொகையையே இதற்கென ஒதுக்க வேண்டும். அத்தொகை எவ்வளவு என்பதை வீட்டிலுள்ள ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். கடன் பெற்று, நகை வைத்து, கைப்பேசிக் கடன் செயலிகளில் வாங்கி ஒருபோதும் செய்யலாகாது.

இரண்டு: ஒரு வணிகத்தில் இழக்க ஒப்பும் அளவை முதலில் வரைந்து, அதன்பின்னரே எத்தனை லாட் என்று முடிவு செய்ய வேண்டும். 2,00,000 ரூபாய் உடையவர் ஒவ்வொரு முறையும் கையிலுள்ளதில் 2 விழுக்காட்டை எல்லையாகக் கொண்டால், பத்து முறை தொடர்ந்து தோற்பினும் 1,63,000 ரூபாய்க்குமேல் எஞ்சும். 20 விழுக்காட்டை வைத்தவரிடம் எஞ்சுவது ஏறத்தாழ 21,500 ரூபாய். அவ்வெல்லைக்குள் ஒரு லாட்டும் அடங்கவில்லையெனின், அவ்வணிகம் தமக்குரியதன்று என்று விலகுதலே முறை.

மூன்று: ஒரு நாளில் இவ்வளவு இழந்தால் கணக்கை மூடிவிடுவது என்று வரைந்துகொள்ள வேண்டும். தோற்ற நாளிலும், பெரிதாக வென்ற நாளிலும் பாரத்தைக் கூட்டலாகாது. கூட்டுவதாயின், பல மாதங்களின் கணக்கைச் செலவு உட்பட எழுதிப் பார்த்து, ஆதாயம் உண்மையே எனத் தெளிந்தபின், சந்தை மூடியிருக்கும் ஒரு நாளில் முடிவு செய்க. முதல் குறைந்தால் பாரத்தையும் குறைத்தல் வேண்டும்.

நான்கு: கைப்பேசிக் குழுக்களில் வரும் "உறுதியான ஆதாயம்" என்னும் சொல்லை நம்பலாகாது. செபியில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது முதற்கடமை. பதிவு பெற்றவரும் ஆதாயத்தை உறுதிசெய்தல் கூடாது என்பதே விதி.

ஐந்தாவது பெற்றோர்க்கு உரியது. இழந்துவிட்டேன் என்று பிள்ளை வந்து சொல்லும் நாளில் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். செபி கணக்கின்படி, இழந்தோருள் நால்வரில் மூவருக்குமேல் தொடர்ந்து அவ்வணிகத்தையே செய்தனர். சொல்ல அஞ்சி, மறைத்து, மீட்க முயன்று மேலும் இழப்பவர் அவர்களுள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும். லீசனின் 88888 கணக்கு போன்ற ஒன்று இல்லத்தில் தோன்றாமல் காப்பது, உண்மையைச் சொல்லத் துணிவு தரும் இல்லமே. மனம் உடைந்து தவிப்போர்க்கு 14416 என்னும் அரசின் டெலி மானஸ் உதவி எண் இரவும் பகலும் உண்டு. பணம் போனால் ஈட்டலாம். உயிர் போனால் ஈட்டவொண்ணாது.

நிறைவாக, அவ்விளைஞரிடமே மீண்டும் வருக. இழப்பு 60,000 ரூபாய் ஆன அன்று அவர் தந்தையிடம் சொல்லிவிட்டார் எனக் கொள்க. தந்தை ஆப்ஷனும் அறியார், லாட்டும் அறியார். "சந்தை எப்படியும் திரும்பும் அப்பா. இன்னும் கொஞ்சம் போட்டால் எடுத்துவிடலாம்" என்கிறார் மகன். தந்தை சிறிது பொறுத்துக் கேட்கிறார்: "திரும்பட்டும்ப்பா. அதுவரைக்கும் மாடு தாங்குமா?"

எஞ்சிய 1,40,000 ரூபாய் மறுநாள் தங்கையின் பெயரில் வங்கியில் வைக்கப்படுகிறது. குறைந்த தொகையை மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அதற்கு இன்னும் மாதங்கள் உள்ளன. சந்தை மறுநாள் திரும்பியதா, இல்லையா என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

கூடியிருக்கும் ஒவ்வோர் இல்லத்திலும், வண்டி பூட்டுமுன் மூட்டைகளை எண்ணிய அப்பெரியவரின் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். "போதும்" என்று அவர் சொல்லும்போது, அதனைக் கேட்க இளைஞரும் அருகில் நிற்க வேண்டும். அறம் வளர்க.